இரண்டு படகு இல்லைங்க, ஒரே படகு

நேற்றிலிருந்து பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அமெரிக்காவில் சட்டம் படிக்கிற பிள்ளைகளிடம் போய், "ஐபி (அறிவுசார் சொத்து) வழக்கு, எம்ப்ளாய்மெண்ட் (வேலை தொடர்பான) வழக்கு ரெண்டையும் எடுக்காதே, ரெண்டு படகுல கால் வைக்காதே, லிட்டிகேஷனுக்கு (கோர்ட்டில் வழக்காட) வாய் இருந்தா போதும்" என்கிறார் அந்த வீடியோக்காரர். அதை வரிசையாகப் பகிர்கிறீர்கள்.

ஒரே படகுங்க அது. ஒரு பொறியாளர் வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்து, திங்கட்கிழமை போட்டி கம்பெனியில் சேர்கிறார். சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல நிரலை) எடுத்துப் போனாரா என்பது ட்ரேட் சீக்ரெட், அதாவது தொழில் ரகசியக் கேள்வி. அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லுமா என்பது எம்ப்ளாய்மெண்ட் கேள்வி. எங்கே வெட்டிப் பிரிப்பீர்கள்? தானியங்கி கார் நிறுவனமான வேமோ ஊபர் மீது போட்ட வழக்கே, வேமோ வேலையை விட்டவர் சுமார் 14,000 கோப்புகளை இறக்கிக்கொண்டார் என்ற புகாரில் தொடங்கியதுதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் - ரோஷ் நிறுவனம் வழக்கில், ஆய்வாளர் தன் கண்டுபிடிப்பு பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தந்தது "உரிமையை மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்". வெளி நிறுவனத்துக்கு (அதன் உரிமை பின்னாளில் ரோஷிடம் போனது) தந்தது "இதன்மூலம் மாற்றித்தருகிறேன்". முன்னது வெறும் வாக்குறுதி, பின்னது அப்போதே கைமாறியது. 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் ஸ்டான்ஃபோர்ட் தோற்றது. வேலையில் சேரும் நாளில் யாரும் படிக்காத காகிதம் அது!

வாய் போதுமாம். முதல் நாள் வேலையே ஆதாரத்தைக் காப்பது. விட்டுப்போனவரின் லேப்டாப்பை ஐடி ஆட்கள் ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்த பென் டிரைவ் எப்போது செருகப்பட்டது என்ற தடம் அதோடு போச்சு. ஃபோரன்சிக் நகல் (தடயம் கெடாத முழு நகல்) எடுக்கும் முன் மேனேஜர் ஆர்வத்தில் நோண்டினாலும் கோப்புகளின் தேதிகள் மாறிவிடும். எதிர்த்தரப்புக்குச் சொல்லாமல் வாங்கும் தற்காலிகத் தடை 14 நாள்தான். அதற்குள், வழக்கு நடக்கும்வரை நீடிக்கும் அடுத்த தடைக்கான ஆதாரம் தயாராக வேண்டும். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று ஓடினால், நீதிபதி அந்த இரண்டு மாதத்தைத்தான் முதலில் கேட்பார்.

"இன்ஜினியரிங் படிக்காம பேட்டண்ட் வழக்கா?" என்று கேட்பீர்கள். பேட்டண்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் நடத்தத்தான் தொழில்நுட்பப் பின்னணியும் தனித் தேர்வும் வேண்டும். நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியதில்லை.

"முதலாளிக்கு அடியாள் வேலை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது வலித்தது. கலிஃபோர்னியாவில் போட்டி கம்பெனிக்குப் போகக்கூடாது என்ற ஷரத்து பொதுவாகச் செல்லாது. அங்கே சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில், கம்பெனி தொழிலுக்குத் தொடர்பில்லாமல் கண்டுபிடித்தது தொழிலாளிக்கே சொந்தம். இதையெல்லாம் நீதிமன்றத்தில் நின்று சொல்வது யார்?

ட்ரேட் சீக்ரெட் வழக்கில் மாட்டிய ஒருவர் காகிதக் கட்டோடு வருகிறார். பதில் தாக்கல் செய்ய 21 நாள். ஐபி மட்டும் தெரிந்தவர் அதையே எண்ணிக்கொண்டிருப்பார். அதே கட்டில், பாகுபாடு பற்றி அவர் கொடுத்த புகாருக்கு ஈஈஓசி (வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் அரசு அமைப்பு), வழக்குப் போடலாம் என்று அனுப்பிய கடிதமும் கிடக்கும். அது கிடைத்ததிலிருந்து வழக்குப் போட 90 நாள்தான். அதை யாரும் எண்ணவில்லை என்றால், 91ஆம் நாள் அந்த மனிதருக்கு அந்த வழக்கே இல்லை.