ரப்பருக்கு ஒருமை

(குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடை. கொச்சி வியாபாரிக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கிறார் மாமா. பக்கத்தில், ஆங்கிலம் படித்த மருமகள் ஷைனி.)

மாமா: மக்ளே, இது சரியாண்ணு பாரு. "தி ரப்பர்ஸ் ஆர் டிரை. தி ரப்பர்ஸ் ஹேவ் அரைவ்ட் எஸ்டர்டே."

ஷைனி: மாமா, ரப்பர்ஸ்ணா பிள்ளைய பென்சில் எழுத்தை அழிக்குத ரப்பராக்கும். அமெரிக்காக்காரன் வாசிச்சா, மெடிக்கல் ஷாப்புல ஒளிச்சுக் குடுக்குத சாமானம்.

மாமா: கர்த்தாவே! அவரு சர்ச்சு செக்ரட்டரியில்லா!

ஷைனி: சரக்கைச் சொல்லும்போ ரப்பருக்கு எஸ் கிடையாது. ரைஸ், பர்னிச்சர், லக்கேஜ், இன்பர்மேஷன் எல்லாம் அதே கூட்டம். இஸ், வாஸ், ஹேஸ்தான் போடணும்.

மாமா: லாரி நிறைய இருந்தாலுமா?

ஷைனி: கப்பல் நிறைய இருந்தாலும் "தி ரப்பர் இஸ் டிரை".

மாமா: அப்ப அம்பது ஷீட்டுண்ணு அவருக்கு எப்படித் தெரியும்?

ஷைனி: ஷீட்டை எண்ணலாமே. "பிப்டி ஷீட்ஸ் ஆப் ரப்பர் ஆர் டிரை." ஆப்புக்கு முன்னால நிக்குத ஷீட்ஸுக்குத்தான் ஆர்.

மாமா: பின்னால நிக்குதவனுக்கு மதிப்பே இல்லியா?

ஷைனி: உண்டு. சம் ஆப், மோஸ்ட் ஆப், எ லாட் ஆப் வந்தா பின்னால பாக்கணும். "மோஸ்ட் ஆப் தி ரப்பர் வாஸ் வெட். மோஸ்ட் ஆப் தி ஷீட்ஸ் வேர் வெட்."

மாமா: வெட்டுண்ணு எழுதாத, விலையைக் குறைச்சிருவாரு. சரி, ரெண்டு டன்னுக்கு?

ஷைனி: "டூ டன்ஸ் இஸ் எனஃப்."

மாமா: டன்ஸுல எஸ் கெடக்கே!

ஷைனி: எடை, காசு, தூரம் இதையெல்லாம் ஒரே அளவா நினைச்சா ஒருமை. "டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் நாட் எனஃப்."

மாமா: அதை முதல் வரியா போடு. பெறகு அந்த எஸ்டர்டே?

ஷைனி: எஸ்டர்டேண்ணு நாளைச் சொல்லியாச்சுண்ணா ஹேவும் வேண்டாம், ஹேஸும் வேண்டாம். "தி ரப்பர் அரைவ்ட் எஸ்டர்டே." அரைவ்ட் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நாளைச் சொல்லாம, "வந்து சேந்தாச்சு"ண்ணு மட்டும் சொல்லணும்ணா "ஹேஸ் அரைவ்ட்".

மாமா: அப்ப இறந்தகாலத்துல வம்பே இல்ல?

ஷைனி: வாஸ், வேர் ரெண்டுலதான் வம்பு. ரப்பருக்கு வாஸ், ஷீட்ஸுக்கு வேர்.

மாமா: கடைசி வரியைப் பாரு. "தேங்க்ஸ் பார் யுவர் அட்வைசஸ்."

ஷைனி: அட்வைஸுக்கும் எஸ் இல்ல. எண்ணியே ஆகணும்ணா "டூ பீசஸ் ஆப் அட்வைஸ்".

மாமா: அவரு தந்தது ஒரு பீஸ்கூடத் தேறாது. வெறும் தேங்க்ஸ் போதும்.

(மெயில் போகிறது. சற்று நேரத்தில் பதில் வருகிறது.)

ஷைனி: "தி மணி ஹேவ் பீன் சென்ட்." பாத்தீங்களா, அவரும் தப்பு. மணிக்கு ஹேஸ்தான் வரணும்.

மாமா: (பேங்க் கணக்கைப் பார்த்து) ஹேவும் இல்ல, ஹேஸும் இல்ல. "வில் பி"ண்ணு எழுதச் சொல்லு!