சுருக்கிப் பேசுவது சோம்பேறித்தனம் இல்லை

மேலே ஒருவர், "டோன்ட், ஐம், கான்ட் என்று சுருக்குவது சோம்பேறி ஆங்கிலம், டூ நாட், ஐ ஆம் என்று முழுசாகச் சொன்னால்தான் இயல்பாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். உண்மை இதற்கு நேர்மாறு. இப்படிப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம், அதனால்தான் சொல்கிறேன்.

பேச்சு ஆங்கிலத்தில் சுருக்க வடிவம்தான் சாதாரண வடிவம். முழு வடிவம் பெரும்பாலும் அழுத்திச் சொல்ல வருவது. ஏதாவது கேட்கும்போது "ஐ டோன்ட் நோ" என்றால் தெரியாது, அவ்வளவுதான். அதையே "ஐ டூ நாட் நோ" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால், "தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது" என்கிற எரிச்சல் தொனி வந்துவிடும். நீங்கள் மரியாதையாகப் பேசுவதாக நினைப்பீர்கள். கேட்பவருக்கோ கோபமாகப் படும்.

சுருக்கவே கூடாத இடமும் உண்டு. "ஆர் யூ ரெடி?" என்று கேட்டால் "யெஸ், ஐ ஆம்" தான், "யெஸ், ஐம்" என்று முடிக்க முடியாது. இப்படிக் கடைசியில் தனியாக நிற்கும் ஆம், இஸ், வில் சுருங்காது. ஆனால் "நோ, ஐ டோன்ட்" சரி, நாட் சேர்ந்த சுருக்கம் கடைசியிலும் நிற்கும்.

ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை மாதிரியான எழுத்தில் முழு வடிவம் பொருத்தம். அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. நண்பருக்கு அனுப்பும் மெசேஜில் அது வேண்டாம். அப்புறம், சுருக்கம் பழக, "ஐ வில் கால் யூ" என்பதன் சுருக்கமான "ஐல் கால் யூ" என்பதை வாய்விட்டு, ஒரே மூச்சில் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள்.