மாமியின் 1,300 ரூபா

போன ஞாயிறு மட்டக்களப்புக் கல்லடியில் மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கை கழுவி வந்து உட்கார்ந்ததும் சகலனுக்கும் எனக்கும் வரிப் பேச்சு முற்றிவிட்டது. அவர் பொறியியலாளர், மாதம் இரண்டு இலட்சம் சம்பளம். வரியைக் குறைக்கவேண்டும், அரசாங்கம் செலவையும் குறைக்கவேண்டும், மிச்சமெல்லாம் தன்பாட்டில் சரிவரும் என்பது அவர் கட்சி.

அவருடைய கணக்கையே எடுப்போம். 2023இல் அந்தச் சம்பளத்தில் மாதம் 10,500 ரூபா வரியாகப் போனது. 2025 ஏப்ரலில் வரியில்லாத எல்லையை ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சமாக உயர்த்திய பிறகு 3,000தான் போகிறது. அதற்கும் முகத்தைச் சுளிக்கிறார். சவர்க்காரம் வாங்கும்போதே 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிற கூலிக்காரன் முன்னால் அவர் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

வரியைக் குறைத்தும் பார்த்தாயிற்று. 2019 கடைசியில் வற்றை 15இலிருந்து 8க்கு இறக்கினார்கள். சம்பளத்தில் வரியைக் கட்டாயமாகக் கழிப்பதையும் நிறுத்தினார்கள். எனக்கும் அப்போது சந்தோஷம்தான், மறைக்கவில்லை. கொரோனாவும் பழைய கடனும் சேர்ந்துதான் நாடு நொடிந்தது, உண்மை. ஆனாலும் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்துத்தான் நின்றேன்.

எங்கள் வாயை அடைத்தது மாமி. உள்ளே போய் ஒரு சொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். இரண்டு வங்கிப் புத்தகங்கள், நிலையான வைப்புப் பத்திரம், ரப்பர் பட்டி போட்ட துண்டுகள். "ஏன் மனே இதில காசு வெட்டுறாங்க?" 13,000 ரூபா வட்டியில் 1,300 போயிருக்கிறது, பத்து வீதம். மாமியின் வருமானம் எல்லாம் கூட்டினாலும் வருடம் நான்கு இலட்சம் வராது. எல்லையோ 18 இலட்சம். வரி கட்டவே தேவையில்லாத மனுசி. வெட்டாமல் விட வேண்டுமென்றால் தன் வருமானம் எல்லைக்குக் கீழே என்று இவர்தான் வங்கிக்கு வெளிப்படுத்துகைப் படிவம் கொடுக்கவேண்டும். அதற்கு ரின் (TIN) என்கிற வரி இலக்கம் வேண்டும். வெட்டியதைத் திரும்ப எடுக்க வருமான வரி விபரத்திரட்டு வேறு. கண்ணாடி போட்டாலும் போனில் வருகிற இலக்கத்தை வாசிக்கமுடியாத மாமி இதையெல்லாம் எங்கே போய்ச் செய்வது?

வரியை எளிமையாக்குவது என்று நான் சொல்வது இதைத்தான். வீதத்தை இறக்கச் சொல்லவில்லை. மாமியின் அடையாள அட்டை இலக்கம் வங்கியிடமும் இருக்கிறது, அரசாங்கத்திடமும் இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் இந்தப் பை மேசைக்கே வந்திருக்காது.

செலவு விஷயத்தில் சகலனோடு பாதித் தூரம் போவேன். முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை 2025இல் சட்டம் போட்டு நிறுத்தியது நல்ல வேலை. ஆனால் அதில் மிஞ்சுவது சில்லறை. அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி கடன் வட்டிக்கே போகும் நாட்டில் முதலில் இறுக்கவேண்டியது கடன் வாங்கும் கையை. எங்கள் ஒழுங்கை மதகுக்கு அடிக்கல் நாட்ட வந்த வாகனங்களை எண்ணினேன், ஒன்பது. மதகு நான்கு முழம். கேள்வி கேட்க மாகாண சபையாவது இருக்கிறதா? கிழக்கில் 2017 செப்டம்பரில் காலம் முடிந்ததுதான், அதற்குப் பிறகு தேர்தலே இல்லை.

சகலன் இதற்கும் ஏதோ சொன்னார், மாமி பாயாசம் கொண்டுவந்ததில் அது அமுங்கிப்போனது.

முதல் வங்கிக்குப் படிவம் கொடுத்தாயிற்று. இரண்டாவதற்குத் தனியாக இன்னொன்று வேண்டுமாம். நாளைக்குப் பாலம் தாண்டிப் போகிறோம். ஆட்டோ போகவர 600 ரூபா.