ஹார்லிக்ஸ் பாட்டிலும் எட்டாம் நம்பர் முள்ளும்

காரைக்குடிப் பக்கம் தூண்டில் கடை வைத்திருக்கிற அண்ணனை ஒரு தம்பி கிண்டலடித்துப் போட்ட அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். முழுசாக, இரண்டு தடவை.

எந்த வீடியோ என்று தெரியாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். லிங்க் கொடுத்து அந்தத் தம்பிக்கு இன்னும் நாலு வியூஸ் சேர்த்துவிட எனக்கு மனசில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்: "இதுதான் ப்ரோ இவங்க ஹூக் கலெக்‌ஷன்" என்று தூண்டில் முள் போட்டு வைத்திருக்கிற ஹார்லிக்ஸ் பாட்டிலை கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுகிற இடம். பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ நல்லதுதான் சொல்கிறார்கள் போல என்று நினைத்து, அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அந்தக் கடைக்கு அந்தத் தம்பியை அனுப்பியது நான். "காரைக்குடிப் பக்கம் நல்ல தூண்டில் கடை எது?" என்று குழுவில் கேட்டார். முதல் ஆளாகப் பதில் போட்டேன். வழி சொன்னேன். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை அண்ணன் தூங்கப் போய்விடுவார், அதற்கு முன்னால் போங்கள் என்றும் சொன்னேன். இவ்வளவு அக்கறை தேவையே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தூண்டில் கடை நல்ல கடையா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். கடைக்காரர் உங்களிடம் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "எவ்வளவு ரேஞ்சுல பாக்குறீங்க?" என்று கேட்டால் அது கடை. "எந்தக் கண்மாய்க்குப் போறீக? தண்ணி எம்புட்டு கெடக்கு?" என்று கேட்டால் அது நல்ல கடை. அவ்வளவுதான். அந்த வீடியோவிலேயே அண்ணன் இதைத்தான் கேட்கிறார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பாட்டுக்கு அடியில் கேட்கும். தம்பி "சும்மா பாக்கத்தாண்ணே" என்று சொல்லிவிட்டு கேமராவைத் தார்ப்பாய் பக்கம் திருப்பிவிட்டார்.

நான் முதன்முதலில் அந்தக் கடைக்குப் போன கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். கெண்டை பிடிக்கப் போகிறேன், சின்ன முள்ளாகக் கொடுங்கள் என்று, விவரம் தெரிந்தவன் மாதிரி 2/0 கேட்டேன். இரண்டு என்றால் சின்னதுதானே என்று என் கணக்கு. முள் நம்பர் ஒரு கிறுக்குக் கணக்கு. எட்டு சின்னது, நான்கு அதைவிடப் பெரிது, ஒன்று இன்னும் பெரிது. அதைத் தாண்டினால் 1/0, 2/0 என்று திரும்பவும் நம்பர் ஏறும், முள்ளும் பெரிதாகிக்கொண்டே போகும். 2/0 விராலுக்குப் போடுகிற முள். அண்ணன் பேசாமல் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இத முழுங்குற கெண்டைய நீங்க பிடிக்க வேணாம் தம்பி. அது வந்து உங்களப் பிடிச்சிரும்" என்றார். அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்து எட்டாம் நம்பர் பத்து எண்ணினார். ஒவ்வொன்றின் கூரையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார். நகத்தில் கொத்தி நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போன இரண்டைத் தனியாகத் தள்ளிவிட்டு வேறு இரண்டு எடுத்தார். முதல் முள்ளை அவரே தங்கூசி நரம்பில் கட்டிக் காட்டினார். முடிச்சை இறுக்கும் முன்னால் எச்சில் தொட்டார். காய்ந்தபடி இழுத்தால் உரசலில் நரம்பு சூடாகி அந்த இடத்திலேயே வலு போய்விடுமாம். இருபது வருஷமாக நானும் எச்சில் தொட்டுத்தான் இறுக்குகிறேன். ஆன்லைனில் வாங்கினால் யார் இதைச் சொல்லித் தருவார்கள்? "இதை வாங்கியவர்கள் எச்சிலும் வாங்கினார்கள்" என்று கீழே வருமா?

உடனே வருவீர்கள், "யூடியூப்ல எல்லாம் இருக்கு சார்" என்று. இருக்கிறது. எங்கள் கண்மாயில் போன வாரம் பாசி எந்தக் கரையில் ஒதுங்கியது என்பதும் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

"வெளிநாட்டுக் கடையெல்லாம் பார்த்திருக்கீங்களா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். பார்த்திருக்கிறேன் ஐயா. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். 2018இல் போனபோது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மொன்டானா மாநிலத்தில் அந்தக் காட்டின் வாசலில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்று ஒரு சின்ன ஊர். ஃப்ளை ஃபிஷிங்குக்கு, அதாவது செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிப்பதற்கு, பேர்போன இடம். ஊரளவுக்குப் பார்த்தால் தூண்டில் கடைகள் ஜாஸ்தி. நான் போன கடையில் ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு வகை செயற்கைப் பூச்சி. இறகும் மயிரும் நூலும் சுற்றிய முள். சிலது கொசுவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வாசலில் ஒரு பலகை: இன்று எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, எந்தப் பூச்சி பறக்கிறது என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. மகன் பர்ஸைத் திறந்து தயாராக நிற்கிறான். கடையில் இருந்த பெரியவர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "எந்த ஆற்றுக்குப் போகிறீர்கள்? காலையிலா, சாயங்காலமா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். காரைக்குடியில் கேட்ட அதே கேள்வி. மேடிசன் ஆறு என்று மகன் சொன்னான். அவ்வளவு பெரிய சுவரிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தது மூன்றே மூன்று பூச்சி. இது போதும், மிச்சக் காசைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். (மீன் ஒன்றும் மாட்டவில்லை. அதற்கு அவர் பொறுப்பில்லை. எனக்கு வீசத் தெரியவில்லை. நம்ம தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் பூச்சிக்குக் கனமே கிடையாது. நரம்புதான் தடிமனாக, கனமாக இருக்கும். அதைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீச வேண்டும். நான் இரண்டு முறை என் தொப்பியைப் பிடித்தேன்.)

அங்கே வீசிப் பார்த்த தூண்டில் கம்பை மகன் வாங்கிக் கொடுத்துவிட்டான். ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வது? அதற்குப் பேர்போன ட்ரவுட் மீன், தமிழ்நாட்டில் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போகும். நம் கண்மாய்ச் சூட்டில் அரை நாள் தாங்காது. பரணில் போடத்தான் இருந்தேன். மிச்சமிருந்த ஒரு பூச்சியை மட்டும் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனால் ஒரு தீப்பெட்டியை நீட்டுகிறார். உள்ளே நாலு பூச்சி. நாட்டுச் சேவலின் கழுத்து இறகு, கறுப்புத் தையல் நூல், பத்தாம் நம்பர் முள். நூல் பிரியாமல் இருக்க மகளுடைய நகப்பூச்சில் ஒரு சொட்டு. சிவப்பு நகப்பூச்சு. அதில் நான் பிடித்த கெண்டையையும் ஜிலேபி மீனையும் இதே பக்கத்தில் போட்டிருக்கிறேன். லைக் போட்டவர்களில் சிலர் இன்றைக்கு அந்த வீடியோவுக்கும் சிரிப்பு போட்டிருக்கிறார்கள்.

"சார், கடையில் சரக்கு இல்லை என்பது உண்மைதானே?" உண்மைதான். ஒத்துக்கொள்கிறேன். ஷிமானோ ரீல் வேண்டும், டைவா ரீல் வேண்டும் என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போங்கள். அண்ணனிடம் இரண்டு வகை ரீல், நாலு கம்பு, ரப்பர் தவளை ஒரு பெட்டி. மிச்சமெல்லாம் கயிறு, வலை, தார்ப்பாய், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு. ஏன் என்று யோசித்தீர்களா? ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் இங்கே தூண்டில். தண்ணீர் வற்றியதும் ஊரே ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கி அள்ளிவிடும், அதோடு சரி. மழை பொய்த்த வருஷம் அதுவும் கிடையாது. மிச்ச மாசம் அவர் எதை விற்றுச் சாப்பிடுவார்? கயிறு விற்பதால்தான் முள் கிடைக்கிறது.

"பில் தருவதில்லை, ஜிபே இல்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை." ஆமாம். அடுத்து?

"ஆன்லைனில் விலை கம்மி." இதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நானும் வாங்கினேன். ஒரு ரீல், அண்ணன் சொன்னதைவிட முன்னூறு ரூபாய் குறைவு. மூன்றாவது தடவை வீசும்போது நரம்பைப் பிடித்துச் சுற்றுகிற பெயில் கம்பி மூடவில்லை, உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. புகார் செய்தால் படம் அனுப்பு, வீடியோ அனுப்பு, கெடு முடிந்துவிட்டது. கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு அண்ணனிடம்தான் எடுத்துப் போனேன். ஒரு பழைய ரீலைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினார். காசு வாங்கவில்லை. "எங்க வாங்குனீக?" என்று மட்டும் கேட்டார். "மதுரையில" என்று சொன்னேன். பொய். இந்தப் பதிவில்தான் முதன்முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

மீன் பிடிப்பதே பாவம் என்கிறவர்களோடு இன்று பேசத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிக்கிற மாதிரி வரும், அடியில் விரால் காவல் நிற்கும், தவளை போட்டால் கோபத்தில் பாய்ந்து கடிக்கும். அந்த ஆசையோடு நான் தவளை கேட்டபோது, "குஞ்சு பெரிசாகட்டும் தம்பி, அப்புறம் தாறேன்" என்று பெட்டியை மூடி வைத்துவிட்டார். கையில் இருக்கிற சரக்கை விற்க மாட்டேன் என்கிற கடை எந்த ஆப்பில் இருக்கிறது?

"சின்னப் பையன், விடுங்க" என்கிறீர்கள். விட்டுவிடலாம்தான். ஆனால் அதே பையன் முந்தின நாள் ஆத்தங்குடியில் நின்றுகொண்டு, ஒருவர் தரைக்கல் செய்யக் கண்ணாடியின் மேல் சிமெண்டுச் சாயத்தைக் கையால் ஊற்றுவதைப் பார்த்து உருகுகிறார். கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் "ஹெரிடேஜ் ப்ரோ" என்கிறார். கையால் ஊற்றிய கல் ஹெரிடேஜ், கையால் கட்டிய முள் காமெடி. அந்தக் கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலையே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வைத்திருந்தால் இவர்களே பேரம் பேசி வாங்கி, துண்டில் சுற்றிப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோவார்கள். செட்டிநாடு என்றால் தூணும் கதவும்தான். அதற்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் சிரிப்புக்கு.

எனக்கு அந்தத் தம்பி மேல்கூட அவ்வளவு கோபமில்லை. சிரித்தவர்களில் ஏழு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் அண்ணனிடம் கடனுக்கு வலை வாங்கியவர். ஒருத்தராவது "அவர் அப்படி இல்லப்பா" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நேற்றுக் கடைக்குப் போனேன். வீடியோவைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். மேஜை மேல் பாட்டில் இல்லை. முள் கேட்டதும் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தார். எட்டாம் நம்பர் பத்து எண்ணினார், வழக்கம் போல ஒவ்வொன்றையும் நகத்தில் இழுத்துப் பார்த்தார். பொட்டலம் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பாட்டில மாத்திரணுமோ தம்பி?"

மாற்ற வேண்டாம் அண்ணே என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அதைத் திரும்பவும் அடியிலேயே வைத்துவிட்டார்.