கொதிக்க வைத்தால் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவு போகாது

"பாலாற்றங்கரை கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்க வைத்தால் தோல் ஷாப் கழிவு போய்விடும்" என ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

கொதித்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். தோல் ஷாப் கழிவில் இருக்கும் உப்பும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகமும் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காட்டி 'கழிவு இறங்கிவிட்டது' என்கிறார்கள். அது பெரும்பாலும் சுண்ணாம்பு. சோடியம் உப்பு கரைந்தபடி தண்ணீரிலேயே இருக்கும், வாயில் வைத்தாலே தெரியும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இல் உச்ச அளவு: மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், உப்பு முதலான கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை. உங்கள் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். குரோமியமும் பார்ப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பால் கலக்க இந்தத் தண்ணீரை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.