புள்ளடி போட்ட கடதாசி கையில் இருக்கட்டும்

போன கிழமை களுவாஞ்சிகுடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் என்னிடம் படித்த பொடியன் ஒருவனைக் கண்டேன். இப்போது கொழும்பில் கணினி வேலை. பேச்சு எப்படியோ தேர்தலுக்கு வந்தது. “சேர், இந்தியாவில போல மெசின் வந்தா ரெண்டு மணித்தியாலத்தில எண்ணி முடிச்சிரலாம். நாங்க மட்டும் ஏன் இன்னும் விடிய விடிய கடதாசி எண்ணிக்கொண்டிருக்கிறம்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அங்கே நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா மண்டூரில் படிப்பித்த காலத்தில் தேர்தல் கடமைக்குப் போவார். வாக்களிப்பு முடிந்ததும் பெட்டியின் வாயை மூடி அரக்கு வைப்பார்கள். கட்சி முகவர்களும் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள். பிறகு அந்தப் பெட்டி பாதையில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வரும். (வெளியூர் ஆட்களுக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை.) ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு கட்சிக்காரரும் பாதையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அந்தப் பெட்டியிலேயே கண் வைத்திருப்பார்கள் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் அரக்கு உடைந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியும். மெசினுக்குள் நடப்பதை அப்படி யார் பார்ப்பது?

2009 மார்ச்சில் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னது. வாக்களிப்பின் முக்கியமான கட்டங்களையும் முடிவு வந்த விதத்தையும், தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றது. 2005 தேர்தலில் அங்கே பாவித்த மெசின்கள் அந்த அளவுகோலில் தேறவில்லை. நெதர்லாந்தும் மெசினைப் பாவித்துப் பார்த்துவிட்டுக் கடதாசிக்கே திரும்பியது. இந்தியாவை எடுங்கள். 2019 பொதுத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடியிலும் மெசினோடு சீட்டு அச்சிடும் கருவியையும் வைத்தார்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி மெசின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ணச் சொல்லிப் போட்ட வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மெசின் வைத்திருக்கிற நாட்டிலேயே ஆட்கள் கடதாசியைக் கேட்டு நீதிமன்றம் ஏறுகிறார்கள். நாங்கள் கையில் இருப்பதை ஏன் விடவேண்டும்?

சரி, கடதாசி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி பாராளுமன்றத்தின் காலத்தை நீடிக்கலாமா என்று, விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை என வைத்து நடந்த சர்வசன வாக்கெடுப்பும் கடதாசியில்தான் நடந்தது. அதில் நடந்த முறைகேடுகளை அப்போதைய தேர்தல் ஆணையாளரே பிறகு தன் அறிக்கையில் எழுதிவைத்தார். 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலில் பெட்டிக்குள் திணித்த கள்ள வாக்குகளும் கடதாசிதான். முகவரை அடித்து விரட்டிவிட்டால் கடதாசி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது.

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் அந்தந்த வட்டாரத்திலேயே எண்ணினார்கள். 2025 மே மாதமும் அப்படித்தான். யார் வென்றது, யார் காலை வாரியது என்று எங்கள் ஊரில் வாய்ச்சண்டை ஓயவில்லை. ஆனால் எண்ணியது பிழை என்று ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை. பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்கள் அப்படி இல்லை. பெட்டிகள் மட்டக்களப்பு இந்துக் கல்லூரிக்கும் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் போகின்றன. அங்கே பல வாக்களிப்பு நிலையங்களின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுகிறார்கள். கலப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். எங்கள் கரையில் ஒரு ஊர் தமிழ், அடுத்த ஊர் முஸ்லிம், அம்பாறைப் பக்கம் போனால் சிங்கள ஊர். ஒரு நிலையத்தின் முடிவு தனியே வெளியே வந்தால், எந்த ஊர் யாருக்குப் போட்டது என்பது மறுநாளே தெரிந்துவிடும். பிறகு அந்த ஊர் வீதிக்குத் தார் வராது, வாய்க்காலுக்குக் காசு வராது.

அதனால் கட்சிக் கணக்கை ஊர்வாரியாகக் கேட்கவில்லை. கலப்பதற்கு முன்னர் ஒவ்வொரு பெட்டிச் சீட்டையும் எண்ணி, நிலையத்திலிருந்து வந்த வாக்குச்சீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் அல்லவா? அந்தத் தொகையை நிலையம் நிலையமாக வெளியிடுங்கள். அப்புறம் வாக்கு எண்ணும் ஒவ்வொரு மண்டபத்தின் முடிவுத் தாளிலும் முகவர்கள் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி கையில் கொடுத்து, அன்றிரவே தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் போடுங்கள். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை வீட்டிலிருந்து கூட்டிப் பார்க்கும். இது அதிகாரிகளின் நல்ல மனதில் தங்கியிருக்கக் கூடாது, சட்டத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள் பிடித்த வேட்பாளருக்குப் போடும் வாக்கு, எண்ணும் நேரத்தில்தான். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முதலில் தெரிந்துவிடும். அந்த ஆசனத்தில் யார் இருப்பது என்பது ஒரே கட்சிக்குள் சில நூறு வாக்கில் முடிவாகலாம். அதற்குள் எல்லாருக்கும் நித்திரை கண்ணைச் சுழற்றும், சில முகவர்கள் வீட்டுக்கே போயிருப்பார்கள். 2020இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் எழுந்த பதற்றம் விருப்பு வாக்கு தொடர்பாகத்தான். யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு மண்டபத்திலும் சில சீட்டுக் கட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து எல்லார் முன்னிலையிலும் மறுபடி எண்ணவேண்டும் என்று எழுதினால் என்ன? சில மணித்தியாலம் கூடப் போகும். போகட்டும்.

இன்னொன்று. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் எதனால் நின்றது? திறைசேரி காசு விடவில்லை, வாக்குச்சீட்டு அச்சாகி முடியவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் வாக்குப்போட 8 மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். தேர்தல் திகதி குறித்ததும், எந்த அமைச்சரின் கையெழுத்துக்கும் காத்திராமல் அச்சுக்கூலி போய்ச் சேரும்படி சட்டம் வேண்டும்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அந்தத் தேர்தல் சட்டம் சிக்கலில் மாட்டியதால் அதன்பிறகு நாங்கள் மாகாண சபைக்கு வாக்குப் போடவேயில்லை. அந்தச் சட்டத்தில் கை வைக்கும்போதே கடதாசிச் சீட்டுத்தான் இறுதிக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதலாம். மட்டக்களப்பு 5, திகாமடுல்ல (அம்பாறை மாவட்டம்) 7, ஆக 12 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியிருக்கிறோம். அவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒப்பமிட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பிவைக்கிறேன்.