பற்று பிறகு வந்தது, பணமின்மை முதலில் வந்தது
மக்களின் இயற்கைப் பற்றுதான் ஜப்பானின் காமிகாட்சு மலையூரைக் குப்பையில்லா ஊராக்கியது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. குப்பையை எரிக்கும்போது வெளிவரும் டையாக்ஸின் என்ற நச்சுப்பொருள் குறித்த விதிகள் கடுமையானதும் அவ்வூர் தன் சிறிய குப்பை எரியூட்டிகளை மூட வேண்டியதாயிற்று. புதிதாகக் கட்டப் பணமில்லை, வீடு வீடாகப் போகக் குப்பை லாரியும் கிடையாது. குப்பையில்லா ஊராவோம் என்று ஊராட்சி 2003இல் செய்த பிரகடனம் இந்த நெருக்கடிக்குப் பின்னால் வந்ததுதான். ஏறத்தாழ 1,400 பேர், பாதிக்கு மேல் முதியவர்கள். குப்பையைத் தாங்களே சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோய், பாட்டில் மூடியைக்கூடத் தனியாக்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். 80 விழுக்காடு வரை மறுபயனீடாகிறது. முன்பும் இப்படித்தான்: 1981ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போன பிறகே, உணவகத் தட்டுகளை அலங்கரிக்கும் இலைகளை விற்கும் தொழில் 1986இல் அங்கே தொடங்கியது (பாட்டிமார் இலை பறித்துச் சம்பாதிக்கும் ஊர் வேறெங்கே இருக்கிறது!). நம் சிங்கப்பூர் நகர மன்றங்களும் இதைச் செய்யலாமே என்று மேலே கருத்தெழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். எரித்த சாம்பலைச் செமாக்காவ் தீவில் கொட்டும் ஏற்பாடு நமக்கு 1999 முதல் இருக்கிறது. நமக்கு என்ன அவசரம்? நான் இருப்பது பதினோராவது மாடி. சமையலறையிலேயே குப்பைக் குழாய், மூடியைத் திறந்து போட்டால் வேலை முடிந்தது. கீழேயுள்ள நீல மறுபயனீட்டுத் தொட்டியில் போன வாரம்கூடக் குழம்பு வழியும் பொட்டலம் ஒன்றைப் பார்த்தேன். அந்தக் குழாயை அடைக்கப்போவதாக அடுத்த தேர்தலில் எந்த வேட்பாளராவது சொல்லட்டும், பார்க்கலாம்.